எழுந்து போகும் உரிமை

இந்த வைக்கோல் வண்டியை இன்று ஒரு நாளைக்கு அரியணையாக்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, முப்பத்தொரு ஆண்டுகள் இந்த ஊரின் கடிதங்களையெல்லாம் சுமந்தும் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காத உத்தமரே, தபால்கார டுவேன் ஐயா அவர்களே. இரண்டு பெரிய காபிப் பானைகளுக்குப் பின்னால் கோட்டைக் காவலரைப்போல நின்று, எங்கள் கோப்பை காலியாவதற்குள் நிரப்பிவிடும் லூத்தரன் தேவாலயத்துத் தாய்மார்களே. ஒரு கையில் சோளக்கதிரும் மறு கையில் வெண்ணெயுமாக, கைதட்ட வழியில்லாமல் தவிக்கும் தோழர்களே. அதோ அந்தத் தட்டில் மிஞ்சியிருக்கும் கடைசித் துண்டு கேக்கை, எடுத்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று காலை முதல் கண்ணால் மட்டும் காத்துவரும் பெரியோர்களே. சோளம் வேகும் அண்டாவுக்கு அருகே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் எங்கள் ரொட்டி ஆலையின் முதலாளி கோர்டி பிராட்டன் அவர்களே. உங்கள் எல்லோருக்கும் செப்டம்பரின் இந்தத் தொழிலாளர் தினத் திங்கட்கிழமையில் என் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களில் யாரும் என் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும் என்பது இல்லை. எழுந்து போகலாம். போனால் உங்கள் பெயருக்கு எதிரே யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். வேண்டியவர்கள் இப்போதே போகலாம். நான் காத்திருக்கிறேன்.

ஒருவரும் எழவில்லை.

தெரியும். நீங்கள் எழ மாட்டீர்கள். மழை வந்தாலும் எழ மாட்டீர்கள். பேச்சு பிடித்துப்போய் அல்ல. பாதியில் எழுந்து போனால் நான் என்ன நினைப்பேன் என்று நினைத்து. இந்த மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த நமக்கு வீட்டுக்குள் வரத் தெரியும், உட்காரத் தெரியும், உண்ணத் தெரியும். போக மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட நமக்குத்தான், அன்பர்களே, நம் சட்டமன்றம் தேடித்தேடி ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. என்ன உரிமை? எழுந்து போகும் உரிமை. மீனுக்கு மிதிவண்டி வாங்கிக் கொடுத்ததுபோல.

சட்டம் என்ன சொல்கிறது? முதலாளிக்கு மதத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கலாம். அரசியலைப் பற்றி இருக்கலாம். தொழிலாளர் சங்கத்தைப் பற்றி இருக்கலாம். அநேகமாக நிறையவே இருக்கும். அதை அவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேட்டே தீரவேண்டும் என்று தொழிலாளியைக் கட்டிப்போடக் கூடாது. எழுந்து போனவரைத் தண்டிக்கக் கூடாது. இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று ஆலைக்குள் அறிவிப்பும் ஒட்டவேண்டும்.

ஒட்டினார் கோர்டி. சட்டத்தை மதிக்கிற மனிதர், ஒட்டாமல் இருப்பாரா? ஓய்வறையில், காபி எந்திரத்துக்குப் பின்னால், சுவருக்கும் எந்திரத்துக்கும் நடுவே உள்ள நான்கு விரற்கடை இடுக்கில் ஒட்டினார். அது என் கண்ணில் பட்டது என் நல்லூழ். கையில் புத்தகம் இல்லாத நேரத்தில் மாவு மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைக்கூட விடாமல் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கன்னத்தைச் சுவரோடு அழுத்தி, ஒரு கண்ணால், இரண்டு இடைவேளைகளில் முழுவதையும் படித்தேன். பக்கத்தில் காபிக்காக நின்ற ஹோதன்தான் முதலில் கேட்டது. ஹோதனை உங்களுக்குத் தெரியும். சோமாலியாவிலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாக எங்கள் சூட்டுக்கல்லில் ரொட்டி புரட்டுகிறவள். அவள் நாக்கு அந்தக் கல்லைவிடச் சூடு.

"என்னடி மரித், சுவத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற? கல்யாணம் எப்போ?"

"சட்டம் படிக்கிறேன். புதன்கிழமை கூட்டத்துலேர்ந்து நாம எழுந்து போகலாமாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"போகலாமா? அப்போ ஏன் இத்தன நாளா ஒருத்தரும் போகல?"

"கேக் வெச்சிருக்காரே."

ஹோதன் கோப்பையைக் கீழே வைத்தாள். "கேக்கா," என்றாள். "உங்க ஊர்க்காரங்கள உள்ள போட்டுப் பூட்டப் பூட்டே வேண்டாம்டி. ஒரு தட்டு கேக் போதும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவள் சொன்னதில் என்ன பிழை? ஏழு புதன்கிழமைகள், பிற்பகல் மூன்று மணிக்கு, வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், நாற்பத்துமூன்று பேரை ஓய்வறையில் உட்காரவைத்துச் சங்கம் வந்தால் வானம் இடிந்து விழும் என்று விளக்கினார்கள். கோர்டி பாதி விளக்குவார். வெளியூரிலிருந்து வரவழைத்த ஓர் ஆலோசகர் படம் போட்டு மீதியை விளக்குவார். மேசைமேல் கோர்டி வீட்டம்மா புளிப்புத் தண்டு போட்டுச் செய்த ரூபார்ப் கேக். அந்த அம்மையாரின் ரூபார்ப் கேக்கைத் தின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதைத் தின்றுகொண்டே, அவர் கணவர் வாய் திறந்து பேசும்போது, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போக உங்களில் எவருக்குக் கால் வரும்? எனக்கு வரவில்லை. சட்டத்தை வரிவரியாகப் படித்த நானே அடுத்த புதன்கிழமை கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு, பேச்சு நன்றாக இருந்தது என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

ஆக, பூட்டும் நாம்தான், சாவியும் நாம்தான்.

சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய புரட்சிக்கெல்லாம் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமைக்காக.

முன்வரிசையில் நீலக் கோட்டு அணிந்து, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் வெர்னா அம்மா. பக்கத்தில் இருப்பவள் அவர்களின் தங்கை ஆர்லிஸ். இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் ஆலையில் லெஃப்ஸ அடுக்குகிறவள். காகிதம்போன்ற அந்த உருளைக்கிழங்கு ரொட்டியை ஒன்றுகூடக் கிழியாமல் அடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. வெர்னா அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் மூன்று நாள் எண்பது மைல் போய் ஃபார்கோ நகரில் எந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வியாழனும் சனியும் அண்ணன் மகன் கூட்டிப்போகிறான். செவ்வாய் ஆர்லிஸின் முறை.

எங்கள் ஆலையில் நாளைக்கு யாருக்கு வேலை என்பது இன்று மாலை ஆறு மணிக்குத்தான் தெரியும். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். அதில் பெயர் இருந்தால் வரவேண்டும். வராவிட்டால் ஒரு புள்ளி. ஆறு புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். அங்கே மட்டும் எழுந்து போவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஏன் இரண்டு வாரம் முன்னதாகப் பட்டியல் தர முடியாது என்று ஆர்லிஸ் ஒரு முறை கேட்டாள். கோர்டியும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, அதனால் கேட்டாள்.

"ஆர்டர் எப்போ வரும்னு எனக்கே தெரியல ஆர்லிஸ். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

நியாயமான பதில். ஆனால் அன்பர்களே, இந்த ரொட்டியை உலகம் எப்போது வாங்குகிறது? கிறிஸ்துமஸுக்கு. கிறிஸ்துமஸ் எந்த நாளில் வரும் என்பது இந்தக் கண்டத்தில் யாருக்காவது ரகசியமா?

நோய்க்கால விடுப்புக்கும் நம் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறதே என்று தலைவர் கேட்கிறார். இருக்கிறது ஐயா. நல்ல சட்டம். தனக்கு உடம்பு முடியாவிட்டாலும் எடுக்கலாம், தமக்கைக்கு முடியாவிட்டாலும் எடுக்கலாம். அதற்குப் புள்ளி வைக்கவும் முடியாது. ஆண்டுக்கு ஆறு நாள். ஆண்டில் செவ்வாய்க்கிழமைகள் எத்தனை என்று மட்டும் சட்டமன்றம் நாட்காட்டியைப் பார்க்க மறந்துவிட்டது. பிப்ரவரிக்குள் ஆர்லிஸின் ஆறும் தீர்ந்தன. பிறகு ஒவ்வொரு திங்கள் மாலையும் அந்தத் தாளில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கதவைப் பார்ப்பாள். ஐந்து முறை இருந்தது. ஐந்து முறையும் வேலைக்கு வராமல் அக்காவோடு போனாள். ஐந்து புள்ளி. இன்னும் ஒன்று வந்தால் இருபத்தாறு ஆண்டு வேலை முடிந்தது.

அந்த ஐந்து புள்ளியோடுதான் ஆகஸ்டு மாதக் கடைசிப் புதன்கிழமை அவள் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று கோர்டி மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். நாங்கள் சட்டத்தைப் படித்துவிட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆலோசகர் மூன்றாவது படத்துக்கு வந்ததும் கோர்டி எழுந்து, ஒரு கையைக் கதவுப் பக்கம் நீட்டிச் சொன்னார்:

"யாருக்காவது போகணும்னா தாராளமா போகலாம். சட்டமே சொல்லுது. நான் தடுக்க மாட்டேன். பாருங்க, கதவு திறந்துதான் இருக்கு."

ஐந்து நொடி. பத்து நொடி. யாரும் அசையவில்லை. கோர்டி ஆலோசகரைப் பார்த்துப் புன்னகைத்தார். "பார்த்தீங்களா? இவங்களுக்கு இது பிடிச்சிருக்கு."

அப்போது கேட்டது ஒரு சத்தம். வந்தவர் கிளம்பப்போகிறார் என்பதற்கு அடையாளமாக, நம் வீடுகளில் ஒவ்வொரு குழந்தையும் பேச்சுக்கு முன்பே கற்றுக்கொள்ளும் சத்தம். இரண்டு உள்ளங்கைகள் இரண்டு முழங்கால்களில் படும் சத்தம். பிறகு அந்த இரண்டு சொற்கள்.

"சரி, அப்போ."

ஆர்லிஸ் எழுந்து நின்றாள்.

இனி நடந்ததற்குச் சட்டமன்றம் பொறுப்பல்ல. கோர்டியின் தாயார் பொறுப்பு. அந்த அம்மையார் மகனை நன்றாக வளர்த்திருந்தார். விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரன் எழவேண்டும்; அது எலும்பில் எழுதியது, எந்த ஆலோசகராலும் அழிக்க முடியாது. கோர்டியின் கால்கள் அவரைக் கேட்காமலே நடந்தன.

"என்ன ஆர்லிஸ், அதுக்குள்ளயா? காபி இன்னும் இருக்கு."

"இல்ல கோர்டி. நிறைய குடிச்சாச்சு."

"அரைக் கோப்ப?"

"வேண்டாம் வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமமா? ஊத்தித்தான இருக்கு."

"சரி, கால் கோப்ப."

குடித்தாள். நின்றுகொண்டே குடித்தாள். நாங்களும் ஆலோசகரும் மூன்றாவது படமும் காத்திருந்தோம். பிறகு கோர்டி நான்கு துண்டு கேக்கை அலுமினியத் தாளில் சுற்றி வெர்னாவுக்குக் கொடுத்தனுப்பினார். வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள். சோளத்துக்கு மழை போதுமா என்று பேசினார்கள். வாசலைத் தாண்டி, அது போதாது என்று பேசினார்கள். கார் நிறுத்துமிடத்தில் அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். அங்கேதான் நிஜமான பேச்சு தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஓய்வறையின் சன்னல் திறந்திருந்தது. எல்லோரும் கேட்டோம்.

"வெர்னா எப்படி இருக்கா?" என்றார் கோர்டி, காரின் கூரைமேல் கையை வைத்து.

ஆர்லிஸ் பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பிறகு சாதாரணமாக, மழையைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"செவ்வாய்க்கிழம தெரியும் கோர்டி."

கோர்டி கூரையை இரண்டு முறை தட்டினார். கார் போயிற்று. அவர் திரும்பி வருவதற்குள் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

என்ன கோர்டி? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு நிமிடம் என்கிறார். சரி, பன்னிரண்டு என்றே இருக்கட்டும். மீதி ஆறு நிமிடம் நீங்கள் தனியாக அங்கே நின்றது.

வந்து, "எங்க விட்டோம்," என்று அவர் கேட்க, ஆலோசகர் விளக்கை அணைக்க, பின்வரிசையில் இன்னொரு ஜோடி முழங்காலில் சத்தம். "சரி, அப்போ." மீண்டும் காபி. மீண்டும் வேண்டாம். மீண்டும் அரைக் கோப்பை. மீண்டும் அலுமினியத் தாள். அவர் வந்ததும் மூன்றாவது ஜோடி. மேசைமேல் கேக் தேய்ந்தது, வானில் வெயில் சாய்ந்தது, படம் மட்டும் மூன்றாவதிலேயே நின்றது. நான்கு மணிக்குள் வழியனுப்பி முடிந்தது ஐந்தே பேரை. ஆறாவதாக நான் எழுந்தேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தின் நடுவில் நான் எழுந்தது அதுவே முதல் முறை. ஏழாவதாக எழுந்தவர் யார் தெரியுமா? ஆலோசகர். அவருக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது.

கூட்டத்துக்குள் நுழையக்கூட நேரமில்லாமல் சூட்டுக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த ஹோதன் என்னை வெளியே பிடித்தாள்.

"எங்க ஊர்ல ஒருத்தர் வரும்போது ஒரு மணி நேரம் நலம் விசாரிப்போம். நீங்க போகும்போது விசாரிக்கிறீங்க. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல அந்த ஆளு எப்போத்தான் கூட்டம் நடத்துவாரு, பாவம்?"

அதோ கையை ஆட்டுகிறாள். ஆமாம், நீ சொன்னதுதான், மாற்றிச் சொல்லவில்லை.

அன்று எழுந்து போன எவருக்கும் புள்ளி விழவில்லை. சட்டம் வேலை செய்தது. நான் சட்டத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் ஆர்லிஸின் முழங்கால் சத்தமே அவளுடைய ஆறாவது புள்ளி ஆகியிருக்கும். யாரோ ஊர்பேர் தெரியாத மனிதர்கள் தலைநகரத்தில் நின்று கேட்டு, வாதாடி, வாக்களித்து வாங்கிக் கொடுத்த ஒரு கதவு அது.

ஆனால் அடுத்த திங்கள், போன வாரம் இதே நாள், மாலை ஆறு மணிக்குக் குளிர்ப்பெட்டிக் கதவில் தாள் ஒட்டப்பட்டது. அதில் ஆர்லிஸின் பெயர் இருந்தது.

கேட்டீர்களா? கூட்டத்திலிருந்து எழுந்து போகச் சட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அக்காவோடு போகச் சட்டம் இல்லை. முதலாளியின் பேச்சைக் கேட்காமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. நம் பேச்சை முதலாளி கேட்கவேண்டும் என்று யார் எழுதுவார்கள்? தலைநகரமா எழுதும்? வாஷிங்டனா எழுதும்? கிறிஸ்துமஸ் தாத்தாவா எழுதுவார், நம் ரொட்டியைத் தின்றுவிட்டு?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹோதனுக்கு விடுமுறை. அவள்தான் வெர்னா அம்மாவை ஃபார்கோவுக்கு ஓட்டிப்போனாள். வழியெல்லாம் வெர்னா அம்மா அவளுக்கு லெஃப்ஸ நீட்டினார்களாம், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி. "அம்மா, வாரம் அஞ்சு நாள் இது மூஞ்சியிலதான் முழிக்கிறேன், இன்னைக்காவது விடுங்க," என்றாளாம். மூன்றாம் முறை நீட்டியதும் தின்றாளாம். ஹோதன், ஒன்பது ஆண்டில் உன்னையும் கெடுத்துவிட்டோம்.

ஆனால் எல்லாச் செவ்வாயும் ஹோதனுக்கு விடுமுறை அல்ல. கிறிஸ்துமஸ் வேலை தொடங்கினால் யாருக்கும் விடுமுறை அல்ல. அதனால்தான் வரும் வியாழக்கிழமை வாக்கெடுப்பு. காலை ஆறு முதல் பத்து வரை, அதே ஓய்வறையில், அரசு அதிகாரிகள் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சங்கம் வேண்டுமா, வேண்டாமா. ஒரு தாள், ஒரு மடிப்பு. யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். யாரும் உங்களைப் பற்றி எதுவும் நினைக்க மாட்டார்கள். மின்னசோட்டாக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்ததுபோன்ற ஒரு முறை அது. கடைசித் துண்டு கேக்கை இருட்டில் எடுக்கலாம்.

கோர்டி, இறுதியாக உங்களிடம். நான் பேசத் தொடங்கும்போது உங்கள் கையில் இருந்த சோளக்கதிரில் ஆவி பறந்தது. இப்போது ஆறிப்போய்விட்டது. இந்த நேரம் முழுவதும் உங்கள் கார் உங்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றது. உங்களை நான் கேலி செய்தேன். உங்கள் வீட்டம்மாவின் கேக்கைப் பூட்டாக்கினேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். போகவில்லை. நின்றீர்கள், கேட்டீர்கள், பன்னிரண்டா பதினெட்டா என்று வழக்கும் ஆடினீர்கள்.

எங்களுக்கு வேண்டியது இதுதான், கோர்டி. இதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மேசை. அதற்கு இரண்டு பக்கமும் நாற்காலி. யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். யாரும் போக மாட்டோம். பேசி முடியும்வரை உட்கார்ந்திருப்போம். உட்கார்ந்திருப்பதில் நம்மை வெல்ல இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

இடம் கொடுத்த ஊராருக்கும், காபி கொடுத்த தாய்மார்களுக்கும், போக உரிமை இருந்தும் போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மணி ஐந்தேகால் ஆகிறது. ஆறு மணிக்கு ஒட்டவேண்டிய தாள் கோர்டியின் சட்டைப்பையில் இருக்கிறது. நான்காக மடித்த மூலை இங்கிருந்தே தெரிகிறது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கோர்டி, அன்று கார் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். கேட்கவேண்டியவர்கள் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். நீலக் கோட்டு. ஆர்லிஸுக்கு மறுபக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்கார்ந்து, அவர்களையே கேளுங்கள்.

சரி, அப்போ. வணக்கம்.